பழைய கார் பேட்டரியும் காரீய நஞ்சும்: சட்டம் யாரைப் பின்தொடர்கிறது?

புதிய பேட்டரி வாங்கச் செல்பவரிடம் கடைக்காரர் முதலில் கேட்பது, “பழையது இருக்கிறதா?” என்பதுதான். பழையதைக் கொடுத்தால் விலையில் ஒரு பகுதி குறைகிறது. காரின் உரிமையாளரைப் பொறுத்தவரை அந்தப் பேட்டரியின் கதை அத்துடன் முடிந்துவிட்டது. ஆனால் அதன் வாழ்நாளில் மிக ஆபத்தான கட்டம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. அந்தக் கட்டத்தில் அதைத் தொடும் கைகளுக்குச் சட்டம் தரும் பாதுகாப்பு என்ன, அது தராத இடத்தில் நாம் எதைக் கேட்க வேண்டும் என்பதை இக்கட்டுரையில் தொகுத்துத் தருகிறோம்.

கழிவுக்கும் சாதிக்கும் உள்ள உறவைப் பற்றி நம் இயக்கங்கள் நிறையப் பேசியிருக்கின்றன. கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் அந்தப் போராட்டங்களால் வந்தது. அதே கழிவுத் தொழிலின் மற்றொரு முனையில் பேட்டரி உடைப்பவர்களும் காரீயம் உருக்குபவர்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி நாம் பேசியது மிகக் குறைவு. மலக்குழி மரணம் ஒரே நாளில் நிகழ்கிறது, செய்தியாகிறது. காரீயம் ஆண்டுக்கணக்கில் கொல்கிறது. இறப்புச் சான்றிதழில் சிறுநீரகச் செயலிழப்பு என்றோ மாரடைப்பு என்றோ எழுதப்படுகிறது.

பேட்டரிக்குள் இருப்பது

பிரெஞ்சு அறிவியலாளர் காஸ்தோன் பிளான்தே 1859இல் உருவாக்கிய காரீய-அமில மின்கலத்தின் அடிப்படை இன்றும் மாறவில்லை. 12 வோல்ட் கார் பேட்டரியில் ஆறு செல்கள் உள்ளன. ஒவ்வொன்றிலும் காரீயத் தகடுகள் கந்தக அமிலக் கரைசலில் மூழ்கியிருக்கின்றன. எடையில் சுமார் 60 சதவீதம் காரீயமும் அதன் சேர்மங்களும்தான். கார் மட்டுமன்றி லாரி, ஆட்டோ, வீட்டு இன்வெர்ட்டர், மின் ரிக்‌ஷா, கைபேசிக் கோபுரம் என எல்லாவற்றிலும் இதன் வகைகளே இருக்கின்றன. உலகில் பயன்படும் காரீயத்தில் ஏறத்தாழ 85 சதவீதம் பேட்டரிக்கே செல்வதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. 2000ஆம் ஆண்டில் இந்தியாவில் காரீயம் கலந்த பெட்ரோல் நிறுத்தப்பட்டபோது காரீயப் பிரச்சினையே தீர்ந்துவிட்டதாகப் பலர் கருதினர். அது தீரவில்லை. வாகனத்தின் புகைக்குழாயிலிருந்து வெளியேறி, வாகனத்தின் பேட்டரி வழியாக வேறொரு தெருவுக்குப் போய்ச் சேர்ந்தது.

பெயரைப் பற்றி ஒரு சொல். நம் பேச்சில் இரண்டு உலோகங்களையும் ஈயம் என்றே சொல்கிறோம். ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. பேட்டரியில் இருப்பது காரீயம், நஞ்சு. “ஈயந்தானே, பாத்திரத்துக்கே பூசுகிறோமே” என்ற எண்ணம் பட்டறைகளில் இன்னும் இருக்கிறது. விழிப்புணர்வுக் கூட்டம் நடத்துவோர் இந்தக் குழப்பத்தைத் தீர்த்துவிட்டே மற்றதைப் பேச வேண்டும்.

வாங்குவதும் புதுப்பிப்பதும்

பழைய பேட்டரி எடைக்கு விற்கப்படும் பொருள். வண்டிப் பட்டறையிலிருந்தும் வீடுகளிலிருந்தும் காயலான் கடைக்கும், அங்கிருந்து மொத்த வணிகரிடமும் அது நகர்கிறது. இடையில் ஒரு பகுதி, புதுப்பிக்கும் கடைகளுக்குப் பிரிகிறது. நன்றாக மின்னேற்றப்பட்ட பேட்டரி ஓய்வில் சுமார் 12.6 வோல்ட் காட்டும். ஹைட்ரோமீட்டரால் ஒவ்வொரு செல்லின் அமில அடர்த்தியையும் பார்த்தால், எல்லாம் ஒரே அளவில் குறைந்திருக்கிறதா, ஒன்று மட்டும் செத்துவிட்டதா என்பது தெரிந்துவிடும். மின்னேற்றாமல் நெடுநாள் கிடந்த பேட்டரியின் தகடுகளில் காரீய சல்பேட் படிகமாக இறுகிவிடுகிறது. காய்ச்சி வடித்த நீரை ஊற்றி மெதுவாக மின்னேற்றினால் அவற்றில் சில மீண்டும் உயிர்பெறும். இது நல்ல வேலை. ஒரு பேட்டரி கூடுதலாக ஓராண்டு ஓடினால், அந்த ஓராண்டுக்கு அது உலைக்குப் போகாது. இதைச் செய்யும் சிறு மெக்கானிக்கைக் குற்றவாளியாகப் பார்ப்பதில் எங்களுக்கு உடன்பாடில்லை.

பேட்டரியின் மூடி அறுக்கப்படும்போதுதான் எல்லை மீறப்படுகிறது. செத்துப்போன செல்லின் தகடுகளைப் பிடுங்கிவிட்டு, வேறொரு பேட்டரியிலிருந்து எடுத்த தகடுகளைப் பொருத்தி, மூடியை ஒட்டி, குறைந்த விலைக்கு விற்கும் கடைகள் பல ஊர்களில் உள்ளன. பழைய அமிலம் சாக்கடையில் ஊற்றப்படுகிறது. அதில் கரைந்தும் மிதந்தும் இருக்கும் காரீயமும் சேர்ந்தே போகிறது. தகட்டிலிருந்து உதிரும் தூள் விரல்களில் ஒட்டுகிறது. அதே விரல்களால் டீக்கடைப் பஜ்ஜியோ பீடியோ எடுக்கப்படுகிறது. காரீயம் உடலுக்குள் செல்ல இதுவே போதும். 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி புதுப்பிப்பவரும் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு செய்தாக வேண்டும். வெறுமனே மின்னேற்றுபவரையும் மூடியை அறுப்பவரையும் பிரித்துப் பார்த்து, இரண்டாமவருக்குக் கையுறையும் அமிலத் தொட்டியும் பயிற்சியும் கொடுத்துப் பதிவுக்குள் கொண்டுவர வேண்டும் என்பது எங்கள் கருத்து.

உடைப்பதும் உருக்குவதும்

முறையான மறுசுழற்சி ஆலையில் மூடிய எந்திரம் பேட்டரியை உடைக்கிறது. அமிலம் தனியே பிடிக்கப்பட்டுச் சமன்செய்யப்படுகிறது. பிளாஸ்டிக் பெட்டி கழுவப்பட்டு மறுபடி பயன்படுகிறது. தகடுகளும் பசையும் சுழல் உலையில் உருகும்போது புகை வடிகட்டிப் பைகளின் வழியே செல்கிறது. இவை அனைத்துக்கும் பணம் செலவாகிறது.

முறைசாராப் பட்டறையில் கோடரியால் பேட்டரி பிளக்கப்படுகிறது. அமிலம் மண்ணில் கொட்டப்படுகிறது. தகடுகள் கையால் பிரிக்கப்பட்டு, கரி நிரப்பிய குழி உலையில் போடப்படுகின்றன. உலோகக் காரீயம் 327 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். ஆனால் தகட்டின்மேல் அப்பியிருக்கும் பசையைக் காரீயமாக மாற்ற அதைவிடப் பன்மடங்கு வெப்பம் தேவை. அவ்வளவு வெப்பத்தில் காரீயம் ஆவியாகிக் காற்றில் கலந்து, குளிர்ந்து, கண்ணுக்குத் தெரியாத தூளாகச் சுற்றுப்புறத்தில் இறங்குகிறது. உருகியது பாளமாக வார்க்கப்படுகிறது. எஞ்சும் கசட்டிலும் கணிசமான காரீயம் இருக்கிறது. அது வேலியோரத்தில் குவிக்கப்படுகிறது.

குறைவான காரீயத்தையே மீட்டெடுக்கும் இத்தகைய பட்டறை, பழைய பேட்டரிக்கு ஆலையைவிட அதிக விலை கொடுக்க முடிவது எப்படி? புகைவடிகட்டிக்கும் அமிலச் சுத்திகரிப்புக்கும் அது செலவிடுவதில்லை. கழிவுப் பேட்டரிக்கான 18 சதவீத ஜிஎஸ்டி வரியைக் கட்டுவதில்லை. தொழிலாளிக்கு மருத்துவப் பரிசோதனை இல்லை, காப்பீடு இல்லை. ஆலை ரூபாயாகச் செலுத்தும் செலவைப் பட்டறையில் ஒரு மனிதர் தம் இரத்தத்தாலும் எலும்பாலும் செலுத்துகிறார். சந்தையில் பழைய பேட்டரிக்குக் கிடைக்கும் அந்தக் கூடுதல் விலை அங்கிருந்துதான் வருகிறது.

இப்பட்டறைகள் ஊருக்கு நடுவில் அமைவதில்லை. ஏரிக்கரை, ஓடைப் புறம்போக்கு, கைவிடப்பட்ட செங்கல் சூளை, குப்பைக் கிடங்கின் ஓரம் போன்ற இடங்களையே நாடுகின்றன. ஊரும் சேரியும் பிரிந்து கிடக்கும் நிலத்தில், “ஊருக்கு வெளியே” என்பதன் பொருள் பெரும்பாலும் “சேரிக்கு அருகில்” என்பதாகவே இருக்கிறது. வேலைக்கு வருபவர்களும் நிலமற்ற தலித்துகள், பழங்குடியினர், ஏழை இஸ்லாமியர், வடமாநிலப் புலம்பெயர் தொழிலாளர் ஆகியோரே. பட்டறையை நடத்துபவரும் சில இடங்களில் அதே மக்களிடமிருந்து வந்தவர்தான்; நேற்றுவரை உலை ஊதியவர். இதை மறைப்பதால் நமக்கு எந்தப் பயனும் இல்லை. அவர் வார்க்கும் பாளத்தை வாங்குபவர்களும், அவர்களிடமிருந்து புதுப் பேட்டரிக்குக் காரீயம் பெறுபவர்களும் யார் என்று கேட்டுக்கொண்டே மேலே சென்றால்தான் இலாபம் தங்கும் இடம் தெரியும்.

இரத்தம் சாட்சி சொல்லும் காலம்

காரீயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்பதே இன்றைய மருத்துவ நிலைப்பாடு. இரத்தத்தில் டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் இருந்தாலே நஞ்சு எங்கிருந்து வருகிறது என்று கண்டறிந்து நிறுத்த வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டு வழிகாட்டுதல் கூறுகிறது. யுனிசெஃபும் பியூர் எர்த் அமைப்பும் 2020இல் வெளியிட்ட அறிக்கை, உலகக் குழந்தைகளில் மூவரில் ஒருவர் அந்த அளவை எட்டியிருப்பதாக மதிப்பிட்டது. சுமார் 80 கோடிக் குழந்தைகள். அவர்களில் சுமார் 27.5 கோடிப் பேர் இந்தியாவில். முறைசாராப் பேட்டரி மறுசுழற்சியை முதன்மைக் காரணங்களுள் ஒன்றாக அது சுட்டியது.

பெரியவருக்கு வயிற்று வலி, மலச்சிக்கல், சோகை, இரத்த அழுத்தம், சிறுநீரகப் பாதிப்பு, முற்றிய நிலையில் மணிக்கட்டு தொய்ந்து போதல் ஆகியவை வருகின்றன. கருவுற்ற பெண்ணின் எலும்பில் சேர்ந்திருக்கும் காரீயம் கருவுக்கும் செல்கிறது. குழந்தையின் உடல், விழுங்கிய காரீயத்தைப் பெரியவரைவிட நான்கைந்து மடங்கு அதிகமாக உறிஞ்சுகிறது. இரும்பும் கால்சியமும் குறைந்த உடல் இன்னும் அதிகமாக. சத்துணவு கிடைக்காத குழந்தைக்கே நஞ்சு கூடுதலாகக் கிடைக்கிறது. அப்பாவின் சட்டையில் ஒட்டி வீட்டுக்கு வந்த தூள், அந்தக் குழந்தை பள்ளியில் எழுத்துக் கூட்டத் திணறுவதற்கான காரணமாக இருக்கலாம். அதை மந்தபுத்தி என்று பெயரிட்டுக் கடைசி வரிசையில் உட்கார வைத்துவிடுகிறோம்.

வழக்குரைஞர்களாகிய எங்களுக்கு இன்னொரு மருத்துவ உண்மை மிக முக்கியம். இரத்தத்தில் உள்ள காரீயத்தின் அளவு ஏறத்தாழ ஒரு மாதத்தில் பாதியாகக் குறையத் தொடங்கிவிடும்; எஞ்சியது எலும்பில் போய்ப் பல்லாண்டுகள் தங்கிவிடும். வேலையை விட்டு ஆறு மாதம் கழித்து ஒருவரைப் பரிசோதனைக்கு அனுப்பினால், கெடுதல் அப்படியே இருக்க, சான்று மட்டும் மெலிந்திருக்கும். “இப்போதைய அளவு அப்படியொன்றும் அதிகமில்லையே” என்ற எதிர்த்தரப்பு வாதத்துக்கு அது போதும். ஆகவே வேலையில் இருக்கும்போதோ, நின்ற சில நாட்களுக்குள்ளோ இரத்தம் எடுக்கப்பட வேண்டும். புகார் மனு எழுதுவது அதற்கு அடுத்த வேலை.

சட்டங்கள்

2001ஆம் ஆண்டின் விதிகளே பழைய பேட்டரியைக் கடைக்காரர் திரும்பப் பெற வேண்டும், பெற்றதற்கு விலைத் தள்ளுபடி தர வேண்டும், பதிவு பெற்ற மறுசுழற்சியாளருக்கு மட்டுமே கொடுக்க வேண்டும் என்றன. மூன்றாம் ஆண்டு முதல் விற்ற அளவில் 90 சதவீதத்தைத் திரும்பப் பெறுவது இலக்கு. உலைகள் அணையவில்லை. 2022 ஆகஸ்டில் வந்த புதிய விதிகள் பொறுப்பை உற்பத்தியாளர்மீது வைத்தன. எத்தனை டன் மறுசுழற்சியானது என்பதற்குச் சான்றிதழ்; அதை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் பதிய வேண்டும்; தவறினால் சுற்றுச்சூழல் இழப்பீடு. இதன் கணக்கு முழுவதும் எடையால் ஆனது. சட்டம் பேட்டரியைப் பின்தொடர்கிறது, அதை உடைப்பவரைப் பின்தொடரவில்லை. மின்னணுக் கழிவு விதிகளோடு ஒப்பிட்டால் இந்தக் குறை தெளிவாகும். அங்கே பிரித்தெடுக்கும் தொழிலாளர்களை அடையாளம் கண்டு பதிவு செய்வதும், குழுவாக அமைய உதவுவதும், பயிற்சி தருவதும், உடல்நலத்தைக் கண்காணிப்பதும் மாநிலத் தொழிலாளர் துறையின் கடமை. பேட்டரி விதிகளில் அத்தகைய கடமை எந்தத் துறைக்கும் தரப்படவில்லை. இந்த ஒரு திருத்தத்தைக் கோருவதற்குப் புதிய சட்டம்கூட வேண்டாம். ஒன்றிய அரசின் அறிவிக்கை போதும்.

தொழிலாளிக்கான உரிமைகள் வேறு சட்டங்களில் சிதறிக் கிடக்கின்றன. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் முதலில் இருப்பதே காரீய நஞ்சேற்றம். தொழிற்சாலையில் வேலை செய்த ஒருவருக்கு அது இருப்பதைக் காணும் மருத்துவர் தலைமை ஆய்வாளருக்கு எழுத வேண்டும் என்கிறது 89ஆம் பிரிவு. 1923ஆம் ஆண்டுப் பணியாளர் இழப்பீட்டுச் சட்டமும் காரீய நோயைத் தொழில்சார் நோயாக ஏற்கிறது. அதுவும் அட்டவணையின் ‘அ’ பகுதியில். ‘ஆ’ பகுதி நோய்களுக்கு ஆறு மாதத் தொடர்பணியை நிரூபிக்க வேண்டும். ‘அ’ பகுதிக்கு அந்த நிபந்தனை இல்லை. தற்காலிகத் தொழிலாளி என்ற காரணத்தால் விலக்கும் சொற்களை 2000ஆம் ஆண்டுத் திருத்தம் நீக்கிவிட்டது. “அவன் தினக்கூலி, நேற்றுதான் வந்தான்” என்று பட்டறைக்காரர் சொல்வது இங்கே எடுபடாது. வேலையை விட்ட பின் நோய் தெரியவந்தாலும் வழி அடைபட்டுவிடவில்லை. கோரிக்கைக்கான இரண்டாண்டுக் காலக்கெடுவை நோய் வழக்குகளில் எப்போதிலிருந்து கணக்கிடுவது என்பதற்குத் தனி விதி இருக்கிறது.

இச்சட்டங்களின் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துள்ளன. காரீய நோய் அவற்றின் அட்டவணைகளிலும் தொடர்கிறது. ஆனால் தொழிற்சாலை என்பதற்கான வரையறை, மின்விசையோடு இயங்கும் இடத்துக்கு 10 தொழிலாளரிலிருந்து 20ஆகவும், மின்விசை இல்லாத இடத்துக்கு 20இலிருந்து 40ஆகவும் உயர்ந்துவிட்டது. ஏழெட்டுப் பேர் வேலை செய்யும் குழி உலை முன்பும் இந்த வலைக்குள் சிக்கியதில்லை. இப்போது இன்னும் தொலைவுக்குப் போய்விட்டது. ஆபத்தான தொழில் நடக்கும் இடங்களுக்கு ஆள்கணக்கு பாராமல் பாதுகாப்புத் தொகுப்பை நீட்டிக்க ஒன்றிய அரசுக்கு அதிகாரம் இருக்கிறது. பேட்டரி உடைப்பையும் காரீயம் உருக்குவதையும் அவ்வாறு அறிவிக்கச் சொல்வது நம் கோரிக்கைகளில் ஒன்றாக இருக்க வேண்டும்.

நம் வாசகர்கள் குறைவாகப் பயன்படுத்தியிருக்கும் ஆயுதம் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் வழக்கமாகப் பயன்படுத்தும் நீர்நிலையை, அந்தப் பயன்பாட்டுக்கான அதன் தகுதி குறையும்படி மாசுபடுத்துவது, அச்சட்டத்தின் 3(1)(x) பிரிவின்கீழ் குற்றம். அதைச் செய்தவர் பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ அல்லாதவராக இருக்க வேண்டும். சாதிப் பெயர் சொல்லித் திட்டினாரா என்ற கேள்வியைக் காவல் நிலையத்தில் கட்டாயம் கேட்பார்கள். இப்பிரிவின் சொற்களில் அப்படி ஒரு நிபந்தனை இல்லை என்பதை எழுத்திலேயே சுட்டிக்காட்டுங்கள். 2016இல் திருத்தப்பட்ட விதிகளின்படி, மாசுபட்ட நீரைச் சுத்தப்படுத்தி மீட்கும் முழுச் செலவும் மாநில அரசுடையது. அதற்கு மேல் 8,25,000 ரூபாய் அப்பகுதியின் பொதுச் சொத்து உருவாக்கத்துக்காக மாவட்ட ஆட்சியரிடம் செலுத்தப்பட வேண்டும். காலனிக் கிணற்றில் அமிலம் இறங்கியிருந்தால் சுற்றுச்சூழல் புகாரோடு இதையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. உடல்நலக் கேட்டுக்கான இழப்பீடும் நிலத்தை மீட்டெடுக்கும் ஆணையும் கோர ஐந்து ஆண்டுகள் அவகாசம் உண்டு. மற்றச் சுற்றுச்சூழல் தாவாக்களுக்கு ஆறு மாதம்தான். இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் தாமதித்து இழந்த வழக்குகள் போதும். மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற கோட்பாட்டை உச்ச நீதிமன்றம் 1996இல் நிலைநிறுத்தியது, நம் வேலூர்ப் பகுதித் தோல் பதனிடும் ஆலைகளின் வழக்கில்தான். அதற்கு முந்தைய ஆண்டு, கல்நார்த் தொழிலாளர் வழக்கில், பணிக்காலத்திலும் பணி முடிந்த பின்னும் உடல்நலமும் மருத்துவமும் 21ஆம் உறுப்பின்கீழ் தொழிலாளியின் அடிப்படை உரிமை என்று அதே நீதிமன்றம் கூறியது. காரீயத் தொழிலாளியின் மனுவில் இந்த இரண்டு தீர்ப்புகளும் அருகருகே நிற்க வேண்டியவை.

தியாரோய், ஒவினோ உஹுரு

இதே உலைகள் வேறு நாடுகளில் செய்ததைப் பார்ப்பது நமக்கு உதவும். செனகல் தலைநகர் டக்கார் அருகே தியாரோய்-சுர்-மேர் என்ற பகுதியில் 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் 18 குழந்தைகள் இறந்தனர். பேட்டரி உடைத்த மண்ணில் காரீயத் துகள் இருப்பதை அறிந்த மக்கள், அதைச் சலித்து எடுத்து மூட்டைகளாக விற்றுக்கொண்டிருந்தனர். வறுமை அந்த மண்ணை அவர்களுக்கு வருமானமாகக் காட்டியது. மூடப்பட்ட பட்டறையின் மண்ணை அகற்றாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

கென்யாவின் மொம்பாசாவில் ஒவினோ உஹுரு என்ற ஏழைக் குடியிருப்பை ஒட்டிப் பேட்டரிக் காரீய உருக்காலை ஒன்று இயங்கியது. அங்கே பணிபுரிந்த ஃபில்லிஸ் ஒமிடோ, தம் கைக்குழந்தையின் இரத்தத்தில் காரீயம் இருப்பதை அறிந்து போராட்டத்தைத் தொடங்கினார். 2015இல் கோல்ட்மேன் சுற்றுச்சூழல் விருது பெற்றார். 2020இல் நீதிமன்றம் குடியிருப்பு மக்களுக்கு 130 கோடி கென்ய ஷில்லிங் இழப்பீடு வழங்கியது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2023இல் அதைத் தள்ளியது. 2024 டிசம்பரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் இழப்பீட்டை மீட்டது. ஆலையோடு சேர்த்து, உரிமம் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்ட அரசு அமைப்புகளும் பொறுப்பாக்கப்பட்டன. அவ்வழக்கின் முதுகெலும்பு, மக்களிடமிருந்து காலத்தே எடுக்கப்பட்ட இரத்தப் பரிசோதனை முடிவுகள்.

களத்தில்

பட்டறைக்குச் சீல் வைக்கச் செய்வது எளிது. படம் எடுத்துப் போட்டுவிடலாம். சில வாரங்களில் அதே உலை அடுத்த ஊரின் ஓடையோரத்தில் எரியும், அதே ஆட்கள் அங்கே நிற்பார்கள். அவர்களைக் கேட்காமல் புகார் கொடுப்பதை நாங்கள் இப்போது தவிர்க்கிறோம். முதலில் அவர்களோடு அமர்ந்து பேச வேண்டும். சோற்றுக்கு முன் கை கழுவுவது, வேலைச் சட்டையை வீட்டுக்குக் கொண்டுவராமல் இருப்பது, குழந்தைகளை அங்கே அழைத்து வராமல் இருப்பது போன்றவற்றை வழக்கு முடியும்வரை தள்ளிப்போட முடியாது. பதிவு பெற்ற ஆலைகளிலும் சேகரிப்பு மையங்களிலும் இதே தொழிலாளர்களுக்கு முன்னுரிமை வேலை என்பதை மனுவின் முதல் பரிகாரமாகக் கேட்க வேண்டும். புனேயில் குப்பை சேகரிப்போர் சங்கமாகித் தம் கூட்டுறவின் வழியே மாநகராட்சியோடு ஒப்பந்தம் செய்திருக்கிறார்கள். சேகரிப்பு வேலையைப் பொறுத்தவரை அந்த வழி பேட்டரிக்கும் பொருந்தும். உருக்கும் வேலைக்குப் பொருந்தாது. வடிகட்டி இல்லாத உலையைக் கூட்டுறவு நடத்தினாலும் அது நஞ்சையே கக்கும்.

கல்லூரி மாணவர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், உங்கள் மாவட்டத்தில் 2022 விதிகளின்படி பதிவு பெற்ற புதுப்பிப்பாளர், மறுசுழற்சியாளர் பட்டியலை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் கேளுங்கள். கடந்த ஐந்து ஆண்டுகளில் அறிவிக்கப்பட்ட காரீய நஞ்சேற்ற நோயாளிகளின் எண்ணிக்கையைத் தொழிலகப் பாதுகாப்பு இயக்ககத்திடம் கேளுங்கள். இரண்டாவதற்கு “இல்லை” என்ற பதில் வந்தால், அந்தத் தாளைப் பத்திரப்படுத்துங்கள். நோயே இல்லை என்பதற்கல்ல, யாரும் பார்க்கவில்லை என்பதற்கு அது சான்றாகும். அதன்பின் தொழிலாளரை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். இரத்தத்தில் காரீய அளவைப் பார்க்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். அங்கே வசதி இல்லையென்றால் எங்கே அனுப்பப்படும் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். நோயாளிச் சீட்டில் அவர் செய்யும் வேலை “கூலி” என்று பதியப்படுவதே வழக்கம். “பேட்டரி உடைப்பு, காரீயம் உருக்குதல்” என்று எழுதும்வரை அங்கிருந்து நகராதீர்கள்.